தொழில் வளமும் அரசறமும்

ஏழை நாடொன்று தொழில் வளம் பெறுதற்கு அரசு செய்யத்தக்கது யாது என்னும் வினாவைப் பொருளியல் வல்லார்க்கு மட்டும் உரியதென்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகின்றோம். வரி, வட்டி, இறக்குமதித் தீர்வை, அந்நியச் செலாவணி என்று சொற்கள் வந்து குவியும்போது நமக்கு இதில் என்ன வேலை என்று தோன்றுவது இயல்பே. எனினும் சற்று நின்று எண்ணுவோமாயின், இவ்வினாவின் அடியில் பழைய அறவினா ஒன்று கிடப்பதைக் காணலாம். ஆலை எழுப்ப முதல் வேண்டும். ஏழை நாட்டில் அம்முதல் வானிலிருந்து வருவதன்று. இன்று உண்ணவும் உடுக்கவும் வேண்டியதில் ஒரு பகுதியை ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் நாளை ஓடப்போகும் இயந்திரத்தை வாங்க இயலும். அந்த ஒருவர் யார்? அவர் விட்டுக்கொடுத்தது யார் கையிற் சேர்ந்தது? பெற்றவரிடம் கணக்குக் கேட்டவர் யார்? தந்தவருக்குத் திரும்பக் கிடைத்தது என்ன? இந்நான்கும் அறத்தின் எல்லைக்குள் நிற்கும் வினாக்களே.

பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைத் தொகுத்தல், தொகுத்ததைக் காத்தல், காத்ததை முறையாகப் பங்கிடுதல் என்னும் நான்கினையும் செய்ய வல்லதே அரசு என்று திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் வகுத்துரைக்கின்றது. ஆகவே பொருள் வளர்ச்சியில் அரசுக்கு இடமில்லை என்னும் கருத்து நம் மரபுக்குப் புதியது. பங்கிடுதல் இன்றேல் மற்ற மூன்றும் நிறைவுறா என்பதும் அந்த வரிசையிலேயே அடங்கியுள்ளது. இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, நம் காலத்தில் வறுமையிலிருந்து மிக விரைவாக எழுந்த ஒரு நாட்டின் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். அந்நாடு தென் கொரியா.

முன்னேறிய நாடுகள் வந்த வழி

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளுதல் நலம். செல்வ நாடுகள் யாவும் தடையற்ற வாணிகத்தால் மட்டுமே வளர்ந்தன. அரசு ஒதுங்கி நின்றமையே அவற்றின் வெற்றிக்குக் காரணம் என்று சொல்வோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. இந்தியாவிலிருந்து சென்ற அச்சுப் பருத்தித் துணிகளுக்கு இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1700-ஆம் ஆண்டில் தடை விதித்தது. 1721-இல் மற்றொரு சட்டம் இயற்றி அத்தகைய துணிகளை உடுத்துவதையே தடுத்தது. நம் நெசவாளர் கைத்திறனுக்கு அஞ்சி எழுப்பப்பட்ட அந்த வேலியின் நிழலிலேதான் இங்கிலாந்தின் பஞ்சாலைகள் வளர்ந்தன. அமெரிக்காவின் முதல் நிதியமைச்சரான அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791-இல் அளித்த அறிக்கையில், இளந்தொழில்களை அரசு தாங்கி வளர்க்க வேண்டும் என்று வாதிட்டார். ஜெர்மானியரான பிரெடரிக் லிஸ்ட் 1841-இல் வெளியிட்ட நூலில் அதே கருத்தை விரித்துரைத்தார். ஜப்பானிய அரசு 1872-இல் தோமியோகா என்னுமிடத்தில் பட்டாலை ஒன்றைத் தானே நிறுவி நடத்திக் காட்டி, 1893-இல் அதனைத் தனியாருக்கு விற்றது.

ஆகவே அரசு தலையிடலாமா கூடாதா என்பது ஏறத்தாழத் தீர்ந்துபோன வழக்கு. வளர்ந்த நாடுகள் பலவற்றிலும் அரசு தலையிட்டே இருக்கின்றது. தீராத வழக்கு, அரசு எவ்வாறு தலையிட்டது, யாரிடம் வாங்கி யாருக்குக் கொடுத்தது என்பதே.

நிலத்தில் தொடங்கிய மாற்றம்

கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. விடுதலை பெற்ற நாளிலேயே வடக்கு தெற்கு என்று பிளவுண்டது. 1950 முதல் 1953 வரை நடந்த போரில் தலைநகர் சியோல் நான்கு முறை கைமாறியது. 1960-களின் தொடக்கத்தில் தென் கொரியரின் ஆண்டு வருமானம் தலைக்கு ஏறத்தாழ 100 டாலர் என்ற அளவிலேயே இருந்தது. கனிவளம் மிகுந்த பகுதியும் ஜப்பானியர் கட்டிய பெருந்தொழிற்சாலைகளிற் பெரும்பாலானவையும் வடக்கே போய்விட்டன. எழுந்து நிற்கும் என்று அந்நாளில் யாரும் எதிர்பார்த்திராத நாடு அது.

கொரியாவின் தொழில் வளர்ச்சியைப் பேசுவோர் பெரும்பாலும் 1961-ஆம் ஆண்டு இராணுவப் புரட்சியிலிருந்து கதையைத் தொடங்குவர். ஆனால் அதற்குமுன் நிகழ்ந்த ஒன்றை நாம் மறத்தலாகாது. ஜப்பானியர் விட்டுச்சென்ற நிலங்கள் 1948-இல் குத்தகை உழவர்களுக்கு விற்கப்பட்டன. 1949-இல் இயற்றப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம் ஒரு குடும்பம் வைத்திருக்கத்தக்க நிலத்திற்கு ஏறத்தாழ 3 எக்டேர் என்று உச்சவரம்பு விதித்தது. நிலம் பெற்ற உழவர் ஓராண்டு விளைச்சலில் ஒன்றரை மடங்கினை ஐந்து ஆண்டுத் தவணையில் செலுத்தினாற் போதும். நிலக்கிழார்களுக்கு அரசு பத்திரங்களை ஈடாக அளித்தது. போர்க்கால விலையேற்றத்தில் அப்பத்திரங்களின் மதிப்பு கரைந்துபோயிற்று. கொரிய நாட்டின் பழைய பெருநிலக்கிழமை அத்தோடு முடிந்தது எனலாம்.

இதன் விளைவு இருவகைத்து. ஆலை முதலாளிகளுக்கு எதிராகவோ துணையாகவோ நின்று அரசை வளைக்கத்தக்க நிலப்பிரபுக் கூட்டம் இல்லாமற் போயிற்று. தன் காணியில் உழுத உழவன் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினான். பின்னாளில் ஆலைகளுக்கு வந்து சேர்ந்த இளைஞரிற் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரிந்தவராய் இருந்தமைக்கு அடிப்படை இதுவே. வலியவரிடமிருந்து வாங்கி எளியவருக்கு அளித்த இச்செயலே, அந்நாட்டு வரலாற்றில் அரசு செய்த முதற்பெரும் முதலீடு என்று நாம் கருதுகின்றோம்.

கணக்குக் கேட்ட அரசு

1961 மே 16 அன்று தளபதி பார்க் சுங் ஹீ ஆட்சியைக் கைப்பற்றினார். முறையற்று ஈட்டிய செல்வம் என்ற குற்றச்சாட்டின்பேரில் நாட்டின் பெருவணிகர் பலர் சிறைப்படுத்தப்பட்டனர். பின்னர், அரசு சுட்டிய தொழில்களில் ஆலைகளை நிறுவ வேண்டும் என்ற உடன்பாட்டின்பேரில் விடுவிக்கப்பட்டனர். வங்கிகளின் பங்குகளை அதே ஆண்டில் அரசு தன்வசப்படுத்திக்கொண்டது. பொருளாதாரத் திட்டக் குழு அமைந்தது. 1962-இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிற்று.

அன்றிலிருந்து எவருக்குக் கடன், என்ன வட்டி என்பதை அரசே முடிவு செய்தது. ஏற்றுமதி செய்வோருக்கு மிகக் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தது. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் அவ்வட்டி பல ஆண்டுகளில் சுழியத்திற்கும் கீழே இருந்தது. அஃதாவது கடன் வாங்கியவருக்கு மக்கள் பணத்திலிருந்து மறைமுகமாக நன்கொடை சென்றது. ஆனால் அந்த நன்கொடைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வெளிநாட்டுச் சந்தையில் பொருளை விற்றுக் காட்டவேண்டும். உள்நாட்டில் தீர்வை வேலிக்குள் எவரும் எதையும் விற்றுவிடலாம். ஆயின் அயல்நாட்டில் வாங்குபவனை ஏமாற்ற முடியாது. 1965 முதல் குடியரசுத் தலைவர் தம் தலைமையில் மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டம் நடத்தி, எந்தத் தொழில் எவ்வளவு விற்றது என்று கேட்டறிந்தார். 1964-இல் நாட்டின் ஏற்றுமதி 10 கோடி டாலரை எட்டியது. 1970-இல் 100 கோடி. 1977-இல் 1,000 கோடி. ஒட்டுப்பலகை, ஆடை, டோப்பா எனப்படும் செயற்கை முடி ஆகியவற்றில் தொடங்கி, உருக்கு, கப்பல், மோட்டார் வாகனம் என்று அந்நாடு படிப்படியாக ஏறியது.

தவறியவர் விழவும் நேர்ந்தது. 1960-களில் கார்த் தொழிலில் முதலிடம் பெற்றிருந்த ஷின்ஜின் நிறுவனம் பின்னர்ப் பொருள் நெருக்கடியில் வீழ்ந்தது. அதன் பங்கு 1976-இல் அரசு வங்கிக்கும், 1978-இல் தேவூ குழுமத்துக்கும் சென்றது.

போஹாங் உருக்காலை இக்கதையின் மற்றொரு பக்கம். உருக்காலை அமைக்க உதவ உலக வங்கி முன்வரவில்லை. அந்நாட்டுக்கு அது தாங்காது என்பதே வல்லுநர் கருத்தாக இருந்தது. 1965-இல் ஜப்பானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 30 கோடி டாலர் கொடையாகவும் 20 கோடி டாலர் கடனாகவும் கொரியாவுக்குக் கிடைக்கவிருந்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டே ஆலை எழுந்தது. 1968 ஏப்ரலில் நிறுவனம் தோன்றிற்று; 1973 ஜூலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் உருக்கு ஆக்கும் முதற்கட்டம் நிறைவுற்றது. அடிமைப்பட்ட நாளில் கொரியர் பட்ட துன்பத்துக்கு ஈடாக வந்த பணம் அது. தவறினால் அனைவரும் கடலில் குதித்துவிடுவதே தக்கது என்று ஆலைத் தலைவர் பார்க் டே ஜூன் தம்முடன் உழைத்தோரிடம் கூறியதாக அந்நாட்டில் இன்றும் சொல்லப்படுகின்றது.

பிறர் துன்பத்தின் விலையாக வந்த பணம் இது என்ற அச்சத்தோடு பொருளைக் கையாளுதல் உயர்ந்த பண்பு. ஆனால் அந்த அச்சம் அதே நாளில், அதே நாட்டில், வேறு சிலரை நோக்கி எழவில்லை.

எழுதிய சட்டமும் எரிந்த சட்டமும்

சியோல் நகரில் பியோங்வா சந்தை என்றொரு துணிச் சந்தை உண்டு. பியோங்வா என்றால் அமைதி என்று பொருள். அங்கே கடைகளுக்கு மேலே, நிமிர்ந்து நிற்க முடியாத அளவுக்குத் தாழ்வான பரண் அறைகளில் தையற் பணி நடந்தது. கிராமங்களிலிருந்து வந்த சிறுமியர் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே உதவியாளராகச் சேர்ந்து, நாளொன்றுக்கு 14 மணி நேரம் உழைத்தனர். மாதத்தில் இரண்டே நாள் விடுமுறை. பஞ்சுத் தூசி நிறைந்த காற்றைச் சுவாசித்துப் பலர் நெஞ்சு நோய்க்கு ஆளாயினர்.

அங்கே துணி வெட்டுபவராகப் பணிபுரிந்த இளைஞர் ஜோன் தே இல். பசியோடு இருந்த சிறுமியருக்குத் தம் பேருந்துக் காசில் ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, இரவில் நெடுந்தொலைவு நடந்தே வீடு திரும்பியவர். தொழிலாளர் தரச் சட்டம் என்று ஒன்று இருப்பது அவருக்குப் பின்னரே தெரிய வந்தது. 1953-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட சட்டம் அது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அதில் எழுதியிருந்தது. சீன எழுத்துகள் மலிந்த அச்சட்ட நூலைப் படிக்கப் பெரிதும் இடர்ப்பட்டு, தோழர்களைச் சேர்த்துக்கொண்டு, சந்தையின் நிலையை வினாத்தாள் மூலம் கணக்கெடுத்தார். அதிகாரிகளிடம் முறையிட்டார். குடியரசுத் தலைவருக்கு ஒரு விண்ணப்பமும் எழுதினார்.

அந்த விண்ணப்பத்தில் அவர் கேட்டவை யாவை? 14 மணி நேர வேலையை 10 முதல் 12 மணி நேரமாகக் குறைக்க வேண்டும். ஞாயிறுதோறும் ஓய்வு வேண்டும். உடல்நலப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். உதவியாளரின் சொற்ப ஊதியத்தைப் பாதியளவேனும் உயர்த்த வேண்டும். அன்பர்கள் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். சட்டம் 8 மணி நேரம் என்கிறது. அவர் கேட்டதோ 10 முதல் 12. தமக்கு உரியதைவிடக் குறைவாகவே அவர் இரந்தார். அதுவும் மறுக்கப்பட்டது.

1970 நவம்பர் 13 அன்று அந்தச் சட்ட நூலையும் தம் உடலையும் தீக்கிரையாக்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 22. தன்னுயிரை மாய்த்தலை அறமென்று நாம் ஒருபோதும் கொள்ளமாட்டோம். ஆனால் அந்நிலைக்கு ஓர் இளைஞனைத் தள்ளிய அரசின் பொறுப்பை அக்கொள்கையைக் காட்டிக் கழித்துவிடவும் கூடாது. அதே 1970-இல்தான் நாட்டின் ஏற்றுமதி 100 கோடி டாலரை எட்டியது. எந்த ஆலை எத்தனை சட்டைகளைக் கப்பலேற்றியது என்பதை மாதந்தோறும் அறிந்த அரசுக்கு, அந்தச் சட்டைகள் தைக்கப்பட்ட அறையின் உயரம் தெரியாமற் போயிற்று என்று சொன்னால் யார் நம்புவார்? கணக்கெடுக்கும் திறம் அதனிடம் இருந்தது. எதனைக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் அதன் நெஞ்சம் வெளிப்பட்டது.

கேளாமல் எடுத்தவை

தையற் சிறுமியர் மட்டுமல்லர். 1963 முதல் ஆயிரக்கணக்கான கொரிய இளைஞர்கள் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், இளம்பெண்கள் அங்குள்ள மருத்துவமனைகளுக்குச் செவிலியராகவும் சென்று தாய்நாட்டுக்குப் பணம் அனுப்பினர். 1964 முதல் 1973 வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 5,000 பேர் திரும்பவில்லை. அப்போரால் வந்த டாலர்களும் நாட்டின் வளர்ச்சிக்கே பயன்பட்டன. சியோல் - புசான் நெடுஞ்சாலை 428 கிலோமீட்டர் நீளத்தையும் இரண்டரை ஆண்டுக்குள் முடித்து 1970 ஜூலையில் திறந்தார்கள். அதன் பணியில் இறந்தோர் 77 பேர்.

1972 ஆகஸ்ட் 3-ஆம் நாள் பிறந்த ஆணை இன்னொரு வகையில் நம் சிந்தனைக்கு உரியது. அந்நாளில் நிறுவனங்கள் வங்கிக் கடன் போதாமல், பொதுமக்களிடம் அதிக வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தன. அவ்வட்டியால் அவை தள்ளாடியபோது, குடியரசுத் தலைவர் ஒரே இரவில் ஆணையிட்டு அக்கடன்கள் அனைத்தையும் முடக்கினார். மூன்று ஆண்டு எதையும் திருப்பித் தரவேண்டியதில்லை. அதன்பின் ஐந்து ஆண்டுத் தவணையில், மாதம் 1.35 விழுக்காடு வட்டியில் தந்தாற் போதும். பின்னர்ச் சிறு தொகைகளுக்குச் சில விலக்குகள் தரப்பட்டன என்பது உண்மையே. எனினும் மகள் திருமணத்துக்கும் முதுமைக்கும் என்று சேர்த்த பணத்தை நம்பிக் கொடுத்திருந்த குடும்பங்களின் கை கட்டப்பட்டது; வாங்கியவரின் சுமை இறக்கப்பட்டது. அரசிடம் பதிவான கடன்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதி, நிறுவன உரிமையாளர் தம் சொந்த நிறுவனத்துக்கே பிறர் பெயரில் வட்டிக்குக் கொடுத்திருந்த பணம் என்பதும் அப்போது வெளிப்பட்டது. தம் நிறுவனத்தை வட்டியால் வற்றச் செய்து, தம் பையை நிரப்பியவர்களும் அந்த ஆணையால் காக்கப்பட்ட நிறுவனங்களின் தலைவர்களாகவே நீடித்தார்கள்.

நம் நாட்டின் வேறொரு குறை

இவற்றைப் படிக்கும்போது, நம் நாடு அவ்வழியிற் செல்லாதது நன்று என்று மனநிறைவு கொள்ளத் தோன்றலாம். அந்நிறைவுக்கு நாம் முழுதும் உரியவர் அல்லோம். நாமும் 1951-இல் தொழில் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றினோம். எந்தத் தொழிலை யார் தொடங்கலாம், எவ்வளவு ஆக்கலாம் என்பதற்கு உரிமம் வகுத்தோம். பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் ஆகிய இடங்களில் உருக்காலைகளை எழுப்பினோம். உயர்ந்த தீர்வைகளால் நம் தொழில்களைக் காத்தோம். கொரியாவும் இவை யாவற்றையும் செய்தது. வேற்றுமை எங்கேயெனின், நாம் கொடுத்த பாதுகாப்புக்குத் தவணையும் இல்லை, நிபந்தனையும் இல்லை. உரிமம் பெற்றவருக்குச் சந்தை சொந்தமாயிற்று. 1950-களின் இறுதியில் வந்த அம்பாசடர் கார் பெரிய மாற்றமேதுமின்றிப் பல பத்தாண்டுகள் ஓடியதும், அதனை வாங்கப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் மக்கள் காத்திருந்ததும் நம் வீடுகளில் முதியோர் இன்றும் சொல்லும் கதை.

கல்வியிலும் நாம் பின்தங்கினோம். 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் 100-க்கு 28 பேர். நிலச் சீர்திருத்தமும் பல மாநிலங்களில் ஏட்டளவில் நின்றது. வாக்குரிமையும் பேச்சுரிமையும் நம்மிடம் இருந்தன. இது சிறிய பேறன்று. ஆனால் வலியவரிடம் கணக்குக் கேட்கும் உறுதி நம் அரசிடம் இல்லை. கொரிய அரசு வலியவரிடம் கணக்குக் கேட்டது. எளியவருக்குக் கணக்குச் சொல்லவில்லை. நாம் எளியவரிடம் வாக்குக் கேட்டோம். வலியவரிடம் கணக்குக் கேட்கவில்லை. இரு நாட்டிலும் சுமை எளியவர் தோளிலேயே தங்கிற்று.

வேறு வழி இருந்ததா?

இங்கே ஒரு மறுப்பு எழும். கொரியரின் வாழ்நாள் 1960-இல் சராசரியாக ஏறத்தாழ 55 ஆண்டு. இப்போது 80-ஐக் கடந்துவிட்டது. 100 டாலர் வருமானம் 30,000 டாலரைத் தாண்டியது. சில இலட்சம் பேரின் கடின உழைப்பால் கோடிக்கணக்கானோர் கரையேறியிருக்க, இதில் குறை காண்பது நன்றி மறத்தலன்றோ என்பர். இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. பசி நீங்கிய குழந்தையின் முகத்துக்கு முன் எந்தத் தத்துவமும் நாணி நிற்கும்.

ஆனால் இம்மறுப்பு ஒன்றை மறைமுகமாகக் கொள்கின்றது. அந்தக் கொடுமை இல்லாமல் அந்த வளர்ச்சி வந்திராது என்பதே அது. அதற்குச் சான்று யாது? 1970-இல் ஊதியத்தை இரட்டிப்பாக்கியிருந்தால் ஏற்றுமதி தளர்ந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்வோம். ஞாயிறு விடுமுறையாலும் நெஞ்சுப் பரிசோதனையாலும் ஒரு நாட்டின் தொழில் அழிந்துவிடும் என்று எவர் மெய்ப்பிக்க இயலும்? 1987 ஜூன் மாதத்தில் மக்கள் எழுச்சியால் நேரடித் தேர்தல் திரும்பியது. அதனைத் தொடர்ந்த மாதங்களில் நாடெங்கும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட தொழிற் தகராறுகள் நிகழ்ந்தன. ஊதியம் விரைந்து உயர்ந்தது. 1988-இல் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தது. 1989-இல் மருத்துவக் காப்பீடு அனைவருக்கும் விரிந்தது. கொரியத் தொழில் அதனால் வீழ்ந்துவிடவில்லை. மேலும் உயர்ந்த தொழில்நுட்பத்தை நோக்கிச் சென்றது.

அடக்குமுறை தொழிலையே காத்ததென்று கொள்வதற்கும் இடமில்லை. 1979 ஆகஸ்டில், மூடப்படவிருந்த செயற்கை முடி ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர் எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்து மறியல் செய்தனர். காவலர் உள்ளே புகுந்து அவர்களை வெளியேற்றியபோது ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அங்கே மூண்ட சினம் எதிர்க்கட்சித் தலைவரின் பதவி நீக்கத்துக்கும், புசான், மாசான் நகரங்களின் கிளர்ச்சிக்கும் இட்டுச் சென்று, அக்டோபர் 26 அன்று குடியரசுத் தலைவர் தம் உளவுத்துறைத் தலைவராலேயே சுடப்பட்டு இறந்ததில் முடிந்தது. கணக்குச் சொல்லாத அதிகாரம் வணிகரையும் விட்டுவைக்கவில்லை. 1985-இல் பெருங்குழுமங்களுள் ஒன்றான குக்ஜே, ஆட்சியாளரின் வெறுப்புக்கு ஆளாகிக் கலைக்கப்பட்டது. அச்செயல் அரசியலமைப்புக்கு முரணானது என்று 1993-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு உட்படாத கோல் ஒருநாள் தவறியவனை அடிக்கும். மறுநாள் பிடிக்காதவனை அடிக்கும்.

நோன்பும் பட்டினியும்

வளர்ச்சிக்காக ஒரு தலைமுறை தியாகம் செய்யத்தான் வேண்டும் என்று அரசுகள் அடிக்கடி கூறுகின்றன. தியாகம் என்னும் சொல்லை நாம் இத்துணை எளிதாக வழங்கவிடலாகாது. நோன்பின் பொருளை இவ்விதழின் வாசகர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஒருவர் தாமே உணர்ந்து, எத்தனை நாள் என்று வரையறுத்து, மனமுவந்து உணவை விடுப்பது நோன்பு. ஒருவர் முன் இருந்த உணவை மற்றொருவர் எடுத்துக்கொண்டு போவது பட்டினி. இரண்டிலும் வயிறு காய்வது ஒன்றே. ஆனால் முன்னது உயிரை உயர்த்தும். பின்னது எடுத்தவன்மேல் கடனாக நிற்கும். பட்டினி கிடந்தவனைப் பார்த்து, நீ பெரிய நோன்பு நோற்றாய் என்று பின்னாளில் பாராட்டுவதால் அக்கடன் தீராது.

1997 இறுதியில் கொரியா அந்நியச் செலாவணி வற்றிப் பன்னாட்டு நிதியத்திடம் கையேந்தியது. 1998-இன் தொடக்கத்தில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் திருமண மோதிரத்தையும் குழந்தையின் பிறந்தநாள் மோதிரத்தையும் கொண்டுவந்து நாட்டின் கடனுக்கென்று ஒப்படைத்தன. அதற்குரிய விலையைப் பின்னர்த் தம் நாட்டுப் பணத்தில் பெற்றுக்கொள்ளவும் சம்மதித்தன. 200 டன்னுக்கு மேற்பட்ட தங்கம் சேர்ந்தது. அவர்களை யாரும் சிறையிலிடவில்லை, தாமே முன்வந்தார்கள். அதே மக்கள்தாம். வாக்கும் வாயும் பெற்று, நாடு தம்முடையது என்று உணர்ந்தபின் கேளாமலே கொடுத்தார்கள். மக்களை நம்பிக் கேட்டிருந்தால் முன்னரும் கொடுத்திருப்பார்கள் என்று நாம் எண்ணுவது மிகையாகாது.

ஆகவே தொழில் வளர்க்கும் அரசுக்கு மூன்று கட்டளைகளை நாம் முன்வைக்கின்றோம். முதலாவது, பொது மக்களின் பொருளை எந்தத் தொழிலுக்கு ஈந்தாலும் நிபந்தனையும் தவணையும் வைத்து ஈய வேண்டும். தவறியவரிடமிருந்து திரும்பப் பெற வேண்டும். இரண்டாவது, சுமப்பவர் யாரோ அவருக்கே அச்சுமையைப் பற்றிப் பேசும் உரிமை இருக்க வேண்டும். எழுதிய சட்டம் அவருக்கு எட்ட வேண்டும். மூன்றாவது, வந்த வளத்தில் முதற்பங்கு சுமந்தவருக்கே சேர வேண்டும்.

இவை வேற்று நாட்டுப் பழங்கதைக்கு மட்டும் உரியவை அல்ல. இந்திய அரசு 2020 முதல், உற்பத்தியின் அளவுக்கேற்ப ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்தைத் தொடங்கி, கைப்பேசி முதலாய பல தொழில்களுக்கு விரித்தது. ஆக்கிக் காட்டியபின் பணம் என்னும் அந்த நிபந்தனை முதற்கட்டளைக்கு இயைந்ததே. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. முதலீட்டை ஈர்க்கவே இது என்று காரணம் கூறப்பட்டது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்துப் பேசின. சில நாள்களில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பியோங்வா சந்தையில் ஓர் உயிரை எரித்தும் பெறமுடியாத செவியை, இங்கே பத்து நாள் பேச்சு பெற்றது. பேச இயலும் நாட்டில் வாழ்வதன் அருமை இது. அந்தப் பேச்சில் நம் குரலும் இருக்க வேண்டும் என்பதே கடமை.

அடுத்த முறை, ஓர் ஆலைக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு மின்சாரச் சலுகை, இவ்வளவு வரிவிலக்கு என்று செய்தித்தாளில் படிக்கும்போது, வளர்ச்சி வருகின்றது என்று மகிழ்வதோடு நாம் நின்றுவிடலாகாது. இது யாரிடமிருந்து எடுக்கப்படுகின்றது, பெறுபவர் என்ன வாக்குக் கொடுத்திருக்கின்றார், அங்கே வேலைக்குச் செல்லும் பெண்பிள்ளை நிமிர்ந்து நிற்க இடமுண்டா என்று கேட்போமாக. வீட்டில் பிள்ளைகளையும் அவ்வாறு கேட்கப் பழக்குவோமாக. கேட்கும் குடிமக்கள் உள்ள நாட்டில் அரசு அறத்தின் வழி நிற்கும். அங்கே எழும் ஆலையின் புகைபோக்கியைக் கண்டு எவரும் கண்ணீர் வடிக்க வேண்டியிராது.